மேலிருந்து எண்ணினேன், நைனா

அன்புள்ள நைனா,

முதலில் மன்னித்துவிடு. வீட்டு விஷயம் வாசற்படியைத் தாண்டக் கூடாது என்று நீ சொல்வாய். இந்தக் கடிதத்தை முன்பின் தெரியாத நாலு பேர் படிக்கப் போகிறார்கள். நேரில் பேச வேண்டிய இடத்தில் எனக்கு வாய் எழும்பாது என்பது உனக்குத் தெரியும். ரேஷன் கடையில்கூட உன் முதுகுக்குப் பின்னால் நின்று, உன் சட்டையை இழுத்துத்தான் நம் அட்டை நம்பரைச் சொல்வேன். எழுதினால் மட்டும் கொஞ்சம் வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

நீ போய் நாலு வருஷம் முடிந்துவிட்டது. அம்மா இருக்கிறாள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறாள். சாம்பியன் ரீப்ஸில் சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீட்டை விட்டு வரவே மாட்டேன் என்கிறாள். நான் வாரம் முழுக்கப் பெங்களூரில் இருக்கிறேன், சனிக்கிழமை ரயிலில் வீட்டுக்கு வருகிறேன். சுரங்கம் மூடிய பிறகு நீ வாட்ச்மேன் வேலைக்குப் போய்வந்த அதே ரயில்தான். இன்னும் உட்கார இடம் கிடைப்பதில்லை.

ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்திருக்கிறேன். மருந்தியல். பொண்ணு மருந்து கண்டுபிடிக்கிறாள் என்று அம்மா எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். அப்படி இல்லை. ஒரு நோய் உடம்புக்குள் எந்த வழியாக நடக்கிறது, அதை எந்த இடத்தில் மறிக்கலாம், ஏதாவது ஒரு மூலிகைக்கு அந்த வேலை தெரியுமா என்று பார்க்கிறோம். எந்த நோயை எடுத்துக்கொள்கிறாய் என்று எங்கள் மேடம் கேட்டபோது தரையைப் பார்த்துக்கொண்டு, நுரையீரல், கல்தூசி என்றேன். ஏன் என்றார். எங்கள் ஊர் கே.ஜி.எஃப்., தங்கச் சுரங்கம் என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

உன் நெஞ்சுக்குள் என்ன நடந்தது என்று இப்போது எனக்குத் தெரியும், நைனா. நீ இருந்தபோது உனக்கு யாரும் சொல்லவில்லை. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, தூசி என்றதோடு சரி. நுரையீரலுக்குள் காவல் செல்கள் இருக்கின்றன. உள்ளே வரும் தூசியை அவை விழுங்கிவிடும். கல்தூசியை விழுங்கினால் செரிக்காது. அந்தச் செல் வெடித்துச் சாகும். சாகும்போது மற்ற செல்களைக் கூப்பிடும். அவையும் வந்து அதே தூசியை விழுங்கும். கீழே சுரங்கத்தில் புகை நிறைந்த இடத்தில் ஒருத்தன் விழுந்தால் அவனைத் தூக்கப் போனவனும் விழுவான், அடுத்துப் போனவனும் விழுவான் என்று ஒரு தடவை நீ சொன்னாயே, அதேதான். விழுந்த இடமெல்லாம் தழும்பு கட்டும். தழும்பு கட்டிய நுரையீரல் விரியாது. சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றும் கேஜிலிருந்து நீ கடைசியாக வெளியே வந்து எத்தனையோ வருஷம் கழித்தும் உள்ளே இது நடந்துகொண்டே இருந்தது.

அந்தத் தழும்பைக் குறைக்குமா என்று பார்க்க நான் எடுத்துக்கொண்டது நம் மேட்டுத் தழையை. சயனைடு போட்டுத் தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிய மண்மேட்டின் அடிவாரத்தில் தானாக முளைக்கிறதே, இருமல் என்றால் லைனில் எல்லோரும் கஷாயம் வைப்பார்களே, அது. அதன் புத்தகப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் படிப்பவர்களில் ஒருவராவது பறிக்கக் கிளம்புவார்.

நீ அதை எப்போதாவது ஒரு வாய் குடிப்பாய். மூன்று வேளை ஆக்கியது நான். பி.எஸ்ஸி. கடைசி வருஷம் எங்கேயோ நாலு வரி படித்துவிட்டு வந்து, அம்மாவை அரைப்படித் தண்ணீர் கூட வைக்கச் சொன்னேன். நீ முகத்தைத் திருப்புவாய். "படிச்ச பொண்ணு சொல்றேன், குடி நைனா" என்று டம்ளரை உன் கையில் திணிப்பேன். படிச்ச பொண்ணு என்ற வார்த்தைக்கு நீ எப்போதும் அடங்கிப் போவாய். அது தெரிந்துதான் சொன்னேன். நீ போகும்வரை, பதினோரு மாதம்.

அதனால் இந்தச் சோதனையை ஆரம்பித்தபோது மேடத்திடம் சொல்லாத காரணம் ஒன்று எனக்கு இருந்தது. நான் கொடுத்தது உனக்குக் கொஞ்சமாவது உதவியதா? அது தெரிந்தால் போதும் என்றிருந்தேன்.

வேலை இதுதான். நுரையீரல் செல்களைக் கண்ணாடிக் கிண்ணங்களில் வளர்த்து, கல்தூசி போட்டு, மேலே தழைச் சாற்றை விட வேண்டும். ஐந்து வகை. முதல் வகையில் சாறு கிடையாது. இரண்டாவதில் கொஞ்சம், மூன்றாவதில் அதைவிட அதிகம், இப்படி ஐந்தாவதில் மிக அதிகம். பிறகு அந்தச் செல்களைச் சிறு பெட்டிகளில் அடைத்து உறைபெட்டியில் வைப்போம். தழும்பு நார் எவ்வளவு என்று அளப்பது நான் இல்லை, என்னோடு வேலை செய்யும் ரக்ஷிதா. அளப்பவளுக்கு எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று தெரியக் கூடாது. தெரிந்தால் கண் தான் விரும்பியதைப் பார்த்துவிடும். அதனால் உறைபெட்டியின் ஐந்து தட்டுகளில் தட்டுக்கு ஒரு வகையாக வைத்து, குறிப்பேட்டில் லெவல் ஒன்று முதல் லெவல் ஐந்து வரை என்று எழுதினேன். எதில் என்ன என்ற விவரம் என்னிடம் மட்டும். பெட்டியின்மேல் எண் எழுதவில்லை. தட்டைப் பார்த்தாலே தெரியுமே என்று விட்டுவிட்டேன்.

ரக்ஷிதா அளந்து கொடுத்த கணக்கை வரைபடமாகப் போட்டேன். சாறு கூடக்கூடத் தழும்பு குறைந்துகொண்டே வந்தது. படி இறங்குவதுபோல ஐந்து கட்டங்கள். மேடம் என் தோளைத் தட்டினார். அவர் யாரையும் தட்டுகிறவர் இல்லை. நான் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். பதினோரு மாதம் வீண் இல்லை என்று அழுதேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் சொன்னேன். இது வெறும் செல்தான், இன்னும் இரண்டு தடவை செய்து பார்க்க வேண்டும் என்றும் சொன்னேன். ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னேன். அம்மா சிரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டாள். மறுநாளே பெரிய குண்டானில் தழை கொதித்தது. நம் லைனிலும் அடுத்த லைனிலுமாக நெஞ்சு நோய்க்காரர்கள் ஐந்து பேர், ஆளுக்கு இரண்டு வேளை. முதல் ஆள் ஏழுமலை மாமா. உன்னோடு ஒரே ஷிப்டில் இறங்கி ஒரே ஷிப்டில் ஏறியவர். அடுத்த வாரம் என்னைப் பார்த்ததும், "இன்னா மஞ்சு, கண்டுபுடிச்சிட்டியாமே? உங்கப்பன் இருந்தா லைன் பூரா மைக்கு கட்டியிருப்பான்" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மறைக்க மாட்டேன்.

இரண்டாவது தடவை செய்தேன். இந்தத் தடவை புதுப் பெட்டிகள், அவற்றில் எண் அச்சடித்தே வந்தது. முடிவு தலைகீழாக வந்தது. சாறு கூடக்கூடத் தழும்பு ஏறியது. இரண்டாவதில்தான் ஏதோ கோளாறு என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். தூசி சரியில்லை, செல் சரியில்லை என்று ஒரு வாரம் முழுக்க அதில் குற்றம் தேடினேன். முதலாவதில் தேடத் தோன்றவே இல்லை. ஏன் தோன்றவில்லை, நைனா?

பிறகு ஒரு நாள் முதல் தடவையின் மிச்சத்தை மறுபடி அளக்கலாம் என்று ரக்ஷிதா உறைபெட்டியைத் திறந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். வெள்ளைப் புகை எங்கள் காலடியில் இறங்கியது. அவள் கையுறையோடு குனிந்து அடித்தட்டை இழுத்தாள். எதை எடுக்கிறாய் என்றேன். லெவல் ஒன்று என்றாள். அது மேலேதானே இருக்கிறது என்றேன். அவள் சிரித்துவிட்டு, எந்தக் கட்டடத்தில் ஒன்றாவது மாடி உச்சியில் இருக்கிறது என்று கன்னடத்தில் கேட்டாள்.

கதவைத் திறந்து வைத்தால் அபாய மணி அடிக்கும். அது அடித்துக்கொண்டே இருந்தது. நான் மூடவில்லை.

நம் ஊரில் லெவல் என்றால் சுரங்கத்தின் தளம், கீழே போகிற கணக்கு. ஒன்று மேலே. எண் ஏறஏற ஆழம். பள்ளிக்கூடப் படிக்கட்டில் உச்சியில் நின்று லெவல் ஒண்ணு என்று கத்திவிட்டு இறங்கித்தான் நாங்கள் விளையாடுவோம். உச்சிப்படியில் நிற்பவன் ஒன்று, அடியில் நிற்பவன் ஐந்து. வேறு மாதிரி எண்ண முடியும் என்பதே எனக்குத் தெரியாது. தும்கூரில் வளர்ந்த ரக்ஷிதாவுக்கு என் கணக்கு தெரிந்திருக்க நியாயம் இல்லை. நான் ஐந்து என்று வைத்ததை அவள் ஒன்று என்று அளந்திருந்தாள். நடுவில் இருந்த மூன்றாவது மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். முதல் தடவையும் தழும்பு ஏறித்தான் இருந்தது. நான் இறங்குகிற படியாகப் பார்த்தது ஏறுகிற படி.

இதைத் தெரிந்துகொண்டு அந்தச் சனிக்கிழமை ஊருக்கு வந்தேன். ஆண்டர்சன்பேட்டையில் அம்மாவுக்கு மாத்திரை வாங்க நின்றேன். மருந்துக்கடை அண்ணன் மாத்திரையை உறையில் போட்டபடி, ஏழுமலை மாமா இரண்டு மாதமாக பஃப் வாங்க வருவதே இல்லை என்றார். உள்ளிழுக்கும் மருந்தை நிறுத்திவிட்டாராம். "உங்க தழையே போதும்ன்றாரும்மா. எங்க வியாபாரத்துக்கு வேட்டு வெச்சிட்ட நீ" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தால் அம்மா டம்ளர்களை வரிசையாக வைத்து ஊற்றிக்கொண்டிருந்தாள். மாமா குழாயடியிலிருந்து நம் வாசலுக்கு நடந்து வந்தார். முன்பெல்லாம் அந்தத் தூரத்தில் ஒரு தடவை நிற்பார். அன்று மூன்று தடவை நின்றார். நிற்கும்போது குடத்தை ஏதோ சரிசெய்வதுபோலக் காட்டிக்கொண்டார். நீயும் அப்படித்தான் செருப்பைச் சரிசெய்வாய்.

சொல்லிவிடு என்று எனக்கு நானே சொன்னேன். மாமா டம்ளரை வாங்கி, என் பக்கம் உயர்த்திக் காட்டி, "டாக்டரம்மா மருந்து" என்றார். அம்மா முகம் மலர்ந்து போயிற்று. நான் துணி எடுக்கப் போவதுபோல உள்ளே போய்விட்டேன். ஞாயிறும் சொல்லவில்லை. திங்கள் காலை ரயில் ஏறிவிட்டேன். இதை உன்னிடம் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். தெரிந்த பிறகும் இரண்டு நாள் பார்த்துக்கொண்டு இருந்தேன், நைனா.

செவ்வாய்க்கிழமை அம்மாவுக்குப் போன் செய்து சொல்லிப் பார்த்தேன். எனக்கு எதிலும் சந்தேகம், எதைக் கண்டாலும் பயம் என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.

புதன்கிழமை மேடத்தின் அறை வாசலில் போய் நின்றேன். வெள்ளிக்கிழமை ஒரு கூட்டத்தில் எங்கள் வேலையைப் பற்றி அவர் பேசுவதாக இருந்தது. அந்த இறங்குகிற படிதான் அதில் முதல் படம். நான் சொல்ல ஆரம்பித்து, சொல் வராமல் நின்றேன். அவர் பேனாவை நீட்டி, பலகையில் வரைந்து காட்டு என்றார். உறைபெட்டியை வரைந்தேன். இடப்பக்கம் மேலிருந்து எண்ணி எழுதினேன், வலப்பக்கம் கீழிருந்து. திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"உங்க ஊர்ல யாராவது இதைக் குடிக்கிறாங்களா?" என்று கேட்டார்.

"அஞ்சு பேர்" என்றேன்.

"அப்புறம் இங்க ஏன் நிக்கிற?"

மத்தியான ரயிலைப் பிடித்தேன். பங்காருப்பேட்டையில் இறங்கி மாறும்போது நடைமேடையில் ஓடினேன். நான் பொது இடத்தில் ஓடி நீ பார்த்திருக்க மாட்டாய். சாம்பியன் ரீப்ஸில் இறங்கி வீட்டுக்குள் நுழைந்தபோது சாயங்கால வேளைக்கு அம்மா வடிகட்டிக்கொண்டிருந்தாள். மாமா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் சொன்னேன், தழையைக் குடிக்காதீர்கள், நான் சொன்னது தப்பு என்று. என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

என்ன தப்பு என்று மாமா கேட்டார். உறைபெட்டி, தட்டு, பெட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒன்றையும் விடாமல் கேட்டார்.

"லெவல் ஒண்ணு மேலதான கீது? நீ கரீட்டாதான வெச்சிருக்க."

"ஆமா மாமா. அந்தப் பொண்ணு கீழருந்து எண்ணிட்டா."

"கீழருந்து எண்றது எந்த ஊரு வழக்கம்? அவள நம்ம கேஜுல ஏத்தி வுட்டா, ஒண்ணுன்னு சொல்லிகினு அடியில போய் நின்னுகினு இருப்பா."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. தப்பு அவள்மேல் இல்லை, பெட்டியில் எண் எழுதாதது நான் என்றேன். மாமா சிரிப்பதை நிறுத்தி மூச்சை இழுத்துக்கொண்டார்.

"அப்ப தழ போட்டா தழும்பு கொறையல."

"கொறையல மாமா."

"ஏறுது."

"கிண்ணத்துல இருக்கற செல்லுல ஏறுது. ஆளுக்கு எப்படின்னு எனக்குத் தெரியாது. தழையா, அது மொளைக்கற மண்ணான்னும் தெரியாது. தெரியற வரைக்கும் வேணாம்."

அம்மா குண்டானைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். சாக்கடையில் கொட்டும் சத்தம் கேட்டது. அவள் போனதும் மாமா என் பக்கம் சாய்ந்தார்.

"உங்கம்மாகிட்ட சொல்லாத. சாயங்காலத்துது நான் குடிக்கறதே இல்ல. டம்ளர வீட்டுக்கு எடுத்துகினு போய் ஊத்திடுவேன். அந்தக் கசப்ப எவன் குடிப்பான்? காலைல உங்கம்மா நின்னு பாக்கறா, தப்பிக்க முடியல."

"அப்ப பஃப்ப ஏன் மாமா நிறுத்துனீங்க?"

"நீ சொன்னியேன்னு."

நான் பஃப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, நைனா. ஆனால் அவர் என்னைக் குற்றம் சொல்லவும் இல்லை. படித்த பெண் ஒரு வார்த்தை சொன்னால் அதோடு சொல்லாத பத்து வார்த்தைகளும் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. அவர் மூச்சு மோசமானது தழையாலா, மருந்தை நிறுத்தியதாலா? எனக்குத் தெரியாது. மறுநாள் காலை ஆண்டர்சன்பேட்டை கடை திறந்ததும் பஃப் வாங்கி வந்து, என் கண்முன்னே இழுக்க வைத்தேன். அன்றே டாக்டரிடமும் கூட்டிப்போனேன். மற்ற நாலு வீட்டுக்கும் நானே போனேன். ஒரு வீட்டில் நம்பவில்லை. அங்கே இன்னொரு தடவை போக வேண்டும்.

அம்மா குண்டானைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பளபளத்த பிறகும் தேய்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமல், "அவருக்கு வெச்சுக் குடுத்தவ நானு" என்றாள். மூன்று வேளை ஆக்கியது நான் என்றேன். அதற்குமேல் நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை. வாரம்தோறும் வருகிறேன், சாப்பாடு போடுகிறாள், துணி மடித்துத் தருகிறாள். நடுவில் அது உட்கார்ந்திருக்கிறது.

மேடம் அந்தப் படத்தை எடுத்துவிட்டுத்தான் கூட்டத்துக்குப் போனார். இப்போது மூன்றாவது தடவை நடக்கிறது. மண்மேட்டுத் தழை ஒரு பக்கம், வேறு ஊர் மண்ணில் வளர்ந்த அதே செடி ஒரு பக்கம். செடியா மண்ணா என்று பார்க்கத்தான். முடிவு வர இன்னும் சில வாரம் ஆகும். ரக்ஷிதா இப்போது ஒவ்வொரு பெட்டியையும் தொடுவதற்கு முன் அதன் எண்ணை என்னிடம் சத்தமாகப் படித்துக் காட்டுகிறாள். அவளுக்கும் பயம் பிடித்துவிட்டது.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். என்ன வருகிறதோ அதை அப்படியே எழுதுவேன். எனக்கு எதிராக வந்தாலும் எழுதுவேன். எழுதியதை ஆராய்ச்சிக்கூடத்தில் விட்டுவிடாமல், லைனில் வீடு வீடாகப் போய் என் வாயால் சொல்லுவேன். சிரிக்காமல் சொல்லுவேன்.

கேட்க ஒன்று இருக்கிறது. எழுத உட்கார்ந்ததிலிருந்து தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன்.

டம்ளரை உன் கையில் கொடுத்துவிட்டு நான் புத்தகத்துக்குத் திரும்பிவிடுவேன். நீ குடிப்பதை ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்தால் டம்ளர் காலியாக இருக்கும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நீ பொய் சொல்லாத ஆள் என்று லைனில் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது வேண்டாம். இந்த ஒன்றில் மட்டும் நீ என்னை ஏமாற்றியிருக்கக் கூடாதா? கசக்குது, இவளுக்கு என்ன தெரியும் என்று ஜன்னல் வழியாக ஊற்றிவிட்டு, காலி டம்ளரை வைத்திருக்கக் கூடாதா?

ஊத்திட்டேன்னு சொல்லு, நைனா.

உன் மகள்
மஞ்சுளா